உலோகத்தைக் கட்டிப்போடும் புரதம்

நம் உடம்புக்குள் உலோகம் இருக்கிறது. ரத்தத்தில் இரும்பு இருப்பது பாடத்திலேயே வருகிறது. துத்தநாகமும் செம்பும்கூட நமக்கு வேண்டும், ஆனால் துளியூண்டுதான். கூடிப் போனால் செம்பே செல்லைக் கெடுத்துவிடும். காட்மியமோ துளிகூட வேண்டாத விஷம்.

இவற்றை அடக்கி வைக்கும் புரதம் ஒன்று உண்டு. பெயர் மெட்டல்லோதயோனின் (வாயில் நுழைய எனக்கு இரண்டு நாள் ஆச்சு!). 1957-ல் மார்கோஷஸ், வாலி என்ற அமெரிக்க விஞ்ஞானிகள் குதிரையின் சிறுநீரகத்தில் இதைக் கண்டுபிடித்தார்கள். ரொம்பச் சின்னப் புரதம். அறுபது சொச்சம் அமினோ அமிலங்கள்தான். அதில் 20 சிஸ்டீன். ஒவ்வொரு சிஸ்டீனிலும் ஒரு கந்தக அணு உண்டு. வெள்ளிக் கொலுசு ஏன் கறுக்கிறது? கந்தகம் உலோகத்தோடு ஒட்டிக்கொள்வதால்தான். இங்கேயும் அந்த ஒட்டல்தான் வேலை செய்கிறது. 20 கந்தகமும் சேர்ந்து 7 துத்தநாக அணுக்களைப் பிடித்து வைத்திருக்கும். காட்மியம் வந்தால் துத்தநாகத்தை விட்டுவிட்டு அதை இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். வெளியே வந்த துத்தநாகமே மரபணுவைத் தூண்டி, இன்னும் நிறையப் புரதம் செய்ய வைக்கும். எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

ஆனால் பிடித்த காட்மியத்தை வெளியே தள்ள இதற்குத் தெரியாது. அது சிறுநீரகத்தில் பத்து, இருபது வருஷம்கூடத் தங்கிவிடும். ஜப்பானில் ஜின்சு ஆற்றில் சுரங்கக் கழிவு கலந்து, அந்தத் தண்ணீர் நெல் வயலுக்குப் பாய்ந்தது. அந்த அரிசியைச் சாப்பிட்டவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டு, எலும்பு தானாக முறிந்தது. நோயின் பெயரே 'இத்தாய் இத்தாய்'. அதாவது "வலிக்குது, வலிக்குது". காரணம் காட்மியம்தான் என்று ஜப்பான் அரசு 1968-ல் ஒப்புக்கொண்டது. சிகரெட் புகையிலும் காட்மியம் உண்டு, அப்பா மாமாக்களிடம் சொல்லுங்கள்.

இதே புரதத்தை வைத்து மருத்துவமும் செய்கிறார்கள். வில்சன் நோய் பரம்பரையாக வருவது. 1912-ல் வில்சன் என்ற மருத்துவர் இதை விவரித்தார். இந்த நோய் உள்ளவர்களின் ஈரல் செம்பை வெளியேற்றாது. அது ஈரலிலும் மூளையிலும் படியும். இதற்கு ஒரு மருந்து துத்தநாகம்! அது குடல் செல்களை இந்தப் புரதத்தை நிறையச் செய்ய வைக்கும். சாப்பாட்டில் வரும் செம்பை அந்தப் புரதம் குடலிலேயே பிடித்துக்கொள்ளும். குடல் செல்கள் சில நாட்களில் உதிரும். செம்பும் மலத்தோடு போய்விடும். (சிரிக்காதீங்க!)

மருத்துவர் சொல்லாமல் யாரும் துத்தநாக மாத்திரையை அதிகம் சாப்பிடக் கூடாது. நல்ல உடம்புக்காரருக்கும் செம்பு குறைந்து ரத்தசோகை வந்துவிடும்.

- பத்தாம் வகுப்பு மாணவி, 'ஆ' பிரிவு