கேட்டலும் ஆராய்தலும்

பத்திரிகை, வானொலி, கைப்பேசி ஆகிய சாதனங்கள் மக்களின் கருத்தை உருவாக்கும் ஆற்றல் வாய்ந்தவை. அவ்வாற்றல் நன்மை பயப்பதும் தீமை பயப்பதும் கேட்போரைப் பொறுத்ததாகும்.

1956-ஆம் ஆண்டில் அகில இந்திய வானொலி, யுனெஸ்கோவின் உதவியுடன், புனாவிலும் அதன் சுற்றுப்புற மாவட்டங்களிலும் சுமார் 150 கிராமங்களில் வானொலி மன்றங்களை அமைத்தது. உறுப்பினர்கள் வாரம் இருமுறை கூடி நிகழ்ச்சியைக் கேட்டனர். பின்னர் அதனைக் கலந்து ஆராய்ந்தனர். ஐயங்களை நிலையத்துக்கு எழுதினர். வானொலிப் பெட்டி மட்டுமே இருந்த கிராமங்களைவிட, மன்றம் இருந்த கிராமங்களிலேயே மக்களின் அறிவு பெரிதும் வளர்ந்ததென ஆய்வில் தெரிய வந்தது. தஞ்சையிலும் 1960-களில் திருச்சி வானொலியைக் கேட்ட உழவர் பயிரிட்ட ஆடுதுறை 27, 'ரேடியோ நெல்' என்றே பெயர் பெற்றது.

ஆராயாது நம்புவதன் விளைவையும் நம் மாநிலம் கண்டதுண்டு. 2018 மே மாதத்தில், பிள்ளை பிடிப்போர் நடமாடுவதாகக் கைப்பேசி வழியே பொய்ச்செய்தி பரவியது. திருவண்ணாமலை மாவட்டத்தில், குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த மூதாட்டி ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார்.

ஆகவே, ஊரில் பரபரப்பூட்டும் செய்தி எதுவாயினும், அதனைச் சொன்னவர் யார், கண்டவர் யார் என்று ஊராட்சி உறுப்பினர்கள் முதலில் வினவுதல் வேண்டும். காவல் நிலையத்தில் விசாரித்து, உண்மையை அன்றே ஊராருக்கு அறிவித்தல் வேண்டும். பயிர் பற்றிய செய்தியாயின் வேளாண்மை அலுவலரைக் கேட்டுத் தெளிக. கூடி ஆராயும் ஊரில் வதந்தி வேரூன்றாது.