தீராத அரிப்பும் தொழுகையும்

தோலில் சிரங்கோ படையோ தடிப்போ ஒன்றும் காணாது. ஆயினும் அரிப்பு மட்டும் விடாது. இது மனப்பிரமை அன்று. அரிப்பை மூளைக்கு உணர்த்தும் நரம்பே நலிவுற்றதால் வரும் நோய். அக்கி கண்டு ஆறிய இடத்தில் சிலருக்கு இது மாதக்கணக்கில் நீடிக்கும். நீரிழிவால் நரம்பு கெட்டவர்களுக்கும், கழுத்திலும் முதுகிலும் நரம்பு நெருக்குண்டவர்களுக்கும் வருவதுண்டு.

இத்தகையோரில் சிலர், "மூன்று முறை அசைந்தால் தொழுகை முறிந்துவிடுமே" என அஞ்சி ஜமாஅத்தையே விட்டுவிடுகின்றனர். சட்டத்தைப் பாதி மட்டும் அறிந்ததால் வந்த வினை இது. மீதியையும் அறிந்துகொள்வோம்.

1. ஷாபிஈ மத்ஹபில், தொடர்ந்து மூன்று முறை கையை அசைத்துச் சொறிந்தால் தொழுகை முறியும் என்பது உண்மையே. ஆனால் சொறியாமல் பொறுக்கவே இயலாத அரிப்புள்ளவருக்கு இதில் விலக்குண்டு. உள்ளங்கையை அசைக்காமல் விரல்களால் மட்டும் சொறிந்தால் எவருக்குமே முறியாது.

2. ஹனபி மத்ஹபில், ஒரே ருக்னில் மூன்று முறை கையை எடுத்தெடுத்துச் சொறிந்தால் முறியும். வைத்த கையை எடுக்காமல் சொறிந்தால் அது ஒரு முறையாகவே கணக்காகும்.

3. சொறிந்த இடத்தில் இரத்தம் கசிந்து வழிந்தால் ஹனபிகளுக்கு உளூ முறியும். ஷாபிஈகளுக்கு முறியாது, சிறிதளவு இரத்தம் மன்னிக்கப்படும்.

4. கை எட்டாத முதுகில் மனைவி மருந்து தடவினால், தோலோடு தோல் படுவதால் ஷாபிஈகளுக்கு இருவர் உளூவும் முறியும். ஆகவே உளூவுக்கு முன்பே தடவிக்கொள்க. அல்லது மகன் தடவட்டும்.

ஆண்களுக்குப் பட்டு ஹராம் என்பதை நாம் அறிவோம். எனினும் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி), ஸுபைர் (ரலி) ஆகிய இருவருக்கும் அரிப்பு ஏற்பட்டபோது, பட்டாடை அணிய நபி (ஸல்) அவர்கள் அனுமதியளித்தார்கள். சுவர்க்கத்து நன்மாராயம் பெற்ற பதின்மரில் இவ்விருவரும் அடங்குவர். பொறுமையில் அவர்களுக்கு நிகர் யார்? அவர்களுக்கே சலுகை தரப்பட்டதென்றால், அரிப்பு அற்பமான துன்பமன்று என்பது விளங்கவில்லையா?

சலுகையோடு சிகிச்சையும் வேண்டும். சாதாரண அரிப்பு மாத்திரைகள் இந்நோய்க்குப் பெரும்பாலும் பயன்படுவதில்லை. நரம்பு மருத்துவரிடம் காட்டுவதே முறை. நகத்தை ஒட்ட வெட்டுக. தளர்ந்த பருத்தியாடை அணிக. வெந்நீரைத் தவிர்க்க. தொழுகைக்கு முன் குளிர்ந்த ஈரத்துணியைச் சற்று நேரம் அவ்விடத்தில் வைத்தால் அரிப்பு தணியும்.

ஸஃப்பில் அருகில் நிற்பவர் சொறிந்தால் முகம் சுளிக்காதீர்கள். அவர் படும் பாட்டை அல்லாஹ் அறிவான். நோயுற்றோர் அனைவருக்கும் அவன் ஷிஃபாவை அருள்வானாக! ஆமீன்.