மேற்கோள் எண்கள் குழம்பாமலிருக்க ஸோடெரோ

நொச்சிக்குப்பத்தில் என் பக்கத்து வீட்டுத் தங்கை எம்.டி. படிக்கிறாள். அவளது ஆய்வுக் கட்டுரையை மருத்துவ இதழ் ஒன்று திருப்பி அனுப்பிவிட்டது. நடுவில் ஒரு மேற்கோளைச் சேர்த்தவள், அடுத்து வரும் எண்களை மாற்ற மறந்துவிட்டாள். மருந்தின் அளவைக் கூறும் வரி வேறொரு கட்டுரையைக் காட்டியது. அதைச் சரிபார்க்க நினைக்கும் டாக்டர் என்ன செய்வார்?

மருத்துவ இதழ்கள் பலவும் வான்கூவர் முறையைக் கேட்கின்றன. 1978-ல் கனடாவின் வான்கூவர் நகரில் இதழாசிரியர்கள் கூடித் தொடங்கியது இது. கட்டுரையில் முதலில் வரும் மேற்கோளுக்கு எண் 1, அடுத்ததற்கு 2. கடைசிப் பட்டியலில் ஆசிரியர், தலைப்பு, இதழின் சுருக்கப் பெயர், பிறகு ஆண்டு, தொகுதி, பக்கம் என வரும். உதாரணமாக, காசநோய்க்கு வீட்டிலிருந்தே சிகிச்சை பெறலாம் எனக் காட்டிய சென்னை ஆய்வு, உலக சுகாதார நிறுவனத்தின் புல்லட்டினில் வெளியானது. அதை 1959;21:51-144 என முடிக்க வேண்டும்.

எண்ணிடும் வேலையை ஸோடெரோ என்ற இலவச மென்பொருளிடம் விடுங்கள்.

1. ஸோடெரோவையும் பிரவுசருக்கான ஸோடெரோ கனெக்டரையும் இன்ஸ்டால் செய்யுங்கள்.

2. பப்மெட் தளத்தில் கட்டுரையைத் திறந்து, கனெக்டர் ஐகானில் கிளிக் செய்யுங்கள். விவரங்கள் பதிவாகிவிடும்.

3. வேர்டில் உரிய இடத்தில் கர்சரை வைத்து, ஸோடெரோ டேபில் ஆட்/எடிட் சைட்டேஷனை அழுத்துங்கள். முதல் முறை ஸ்டைல் கேட்கும், வான்கூவரைத் தேர்ந்தெடுங்கள். பின் கட்டுரையைத் தேடி எண்டர் தட்டுங்கள்.

4. முடிவில் ஆட்/எடிட் பிப்ளியோகிராபியை அழுத்தினால் பட்டியல் தயார்.

இனி எதைச் சேர்த்தாலும் நீக்கினாலும் எண்கள் தாமாக மாறும். ஆனால், நீங்கள் எழுதிய தகவல் அந்தக் கட்டுரையில் உள்ளதா என்பதை ஸோடெரோ பார்க்காது. அதை நீங்கள்தான் படித்து உறுதி செய்ய வேண்டும்.