சமோசாவுக்குள் ஓர் உலகம்

(உரைநடைப் பகுதி)

கற்றல் நோக்கங்கள்

• அன்றாட உணவுப்பொருள்களின் பிறப்பிடத்தை அறிதல்.
• புதிய பொருளுக்கு மொழி பெயர் சூட்டும் முறைகளை உணர்தல்.
• பிறர் உணவை மதிக்கும் பண்பை வளர்த்தல்.

நுழையும்முன்

மத்தியப் பள்ளி வகுப்பறைகளில் பல மாநில மாணவர்கள் அருகருகே அமர்கின்றனர். உணவு இடைவேளையில் அவர்கள் திறக்கும் பாத்திரங்களும் பலவகைப்பட்டவை. 'இது எங்கள் உணவு, அது உங்கள் உணவு' என்று பிரித்துப் பேசுவதும், சில வேளைகளில் பிறர் உணவை எள்ளுவதும் உண்டு. ஓர் உணவு உண்மையில் எந்த ஊருக்குச் சொந்தம்? தில்லித் தெருக்களில் நாள்தோறும் விற்கும் சமோசாவைக் கொண்டே இதற்கு விடை காண்போம்.

அரண்மனைச் சமோசா

'சமோசா' என்னும் பெயரின் மூலம் பாரசீக மொழியில் உள்ளது. பழைய பாரசீகத்தில் இது 'சன்போசாக்' எனப்பட்டது. ஈரானிலும் நடு ஆசியாவிலும் வழங்கிய இவ்வுணவு, சுல்தான்கள் காலத்தில் தில்லியில் புகழ்பெற்றது. 14ஆம் நூற்றாண்டில் மொராக்கோ நாட்டிலிருந்து வந்த பயணி இபன் பதூதா, முகமது பின் துக்ளக்கின் அவையில் பரிமாறப்பட்ட சமோசாவைத் தம் பயணக் குறிப்பில் பதிவு செய்துள்ளார். கொத்திய இறைச்சி, பாதாம், பிஸ்தா, வெங்காயம், நறுமணப் பொருள்கள் ஆகியவற்றை மெல்லிய மாவுறைக்குள் பொதிந்து நெய்யில் பொரித்தனர்.

அந்தச் சமோசாவில் உருளைக்கிழங்கு இல்லை, மிளகாயும் இல்லை. அக்காலத்தில் ஆசியாக் கண்டத்தில் அவ்விரண்டுமே கிடையா. உருளைக்கிழங்கு தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பகுதியில் பயிரானது. மிளகாய் மெக்சிகோ நாட்டவரின் பழைமையான பயிர். 1492இல் கொலம்பஸ் அமெரிக்கத் தீவுகளை அடைந்த பின்னரே இவை கடல் கடந்தன. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் மிளகாயை இந்தியாவின் மேற்குக் கடற்கரைக்குக் கொண்டுவந்தனர். இன்று மிளகாய் இல்லாத இந்தியச் சமையலறையைக் காண்பது அரிது.

பெயர் பெற்ற கதை

மிளகாய் வருவதற்கு முன் தமிழர் காரத்துக்கு மிளகையே பெரிதும் நம்பியிருந்தனர். சங்க இலக்கியத்தில் மிளகுக்குக் 'கறி' என்றும் பெயர் உண்டு. யவனர் பொன் கொண்டுவந்து மிளகு பெற்றுச் சென்ற செய்தியை அகநானூறு கூறுகிறது. காவிரிப்பூம்பட்டினத்தில் மிளகு மூட்டைகள் வந்து குவிந்ததைப் பட்டினப்பாலை காட்டுகிறது.

இத்தகைய நாட்டுக்குள் புதிய காரக்காய் ஒன்று நுழைந்தபோது, மக்கள் தமக்குப் பழக்கமான பொருளின் பெயரையே அதற்கும் இட்டனர். மிளகு போல் காரம் தரும் காய் ஆதலால் அது 'மிளகாய்' ஆயிற்று. கன்னடத்தில் மிளகு 'மெணசு', மிளகாய் 'மெணசினகாயி'. அங்கும் இதே முறைதான்.

இந்தியில் நேர்ந்தது வேறு. 'மிர்ச்' என்பது முதலில் மிளகின் பெயர். புதிதாக வந்த காய் அப்பெயரைத் தனதாக்கிக்கொண்டது. அதனால் பழைய மிளகு 'காலீ மிர்ச்', அதாவது கறுப்பு மிர்ச் என்று அடைமொழியோடு நிற்க வேண்டியதாயிற்று. மலையாளத்திலும் இன்று 'முளகு' என்றால் மிளகாயே. மிளகைக் 'குருமுளகு' என்பர். தமிழில் வந்தவர் அடைமொழி பெற்றார்; இந்தியிலும் மலையாளத்திலும் வீட்டுக்காரரே அடைமொழி பெற்றார்!

புதிய உணவுக்குப் பெயர் சூட்டும் முறைகளை மூன்றாகப் பகுக்கலாம்.

1. பழைய பெயரை விரித்தல்: மிளகாய்.
2. வடிவம், விளையும் இடம் முதலியவற்றால் பெயரிடல்: உருளைக்கிழங்கு, நிலக்கடலை. பிறநாட்டிலிருந்து வந்ததைச் 'சீமை' என்னும் அடையால் குறித்த சீமைக்கத்தரிக்காயும் இவ்வகையினதே.
3. அயற்சொல்லை ஏற்றல்: அன்னாசி, கொய்யா. இவை போர்த்துகீசியர் வழியாக வந்த அமெரிக்கப் பழப்பெயர்கள்.

சென்ற சொற்கள்

வந்தவை மட்டுமல்ல, இங்கிருந்து சென்றவையும் பல. 'மாங்காய்' போர்த்துகீசியர் நாவில் 'மங்கா'வாகி, ஆங்கிலத்தில் 'மேங்கோ' ஆயிற்று. ஆங்கிலேயர் தமிழ்நாட்டில் சுவைத்த 'மிளகுத்தண்ணீர்', 'மல்லிகடானி' என்னும் பெயரில் அவர்கள் நாட்டுச் சூப்பாக மாறியது. சமோசாவுக்குத் தொட்டுக்கொள்ளும் புளிச்சட்னியும் ஒரு வேடிக்கையைச் சொல்லும். புளியை ஆங்கிலத்தில் குறிக்கும் 'டாமரின்ட்' என்னும் சொல், அரபு மொழியில் 'இந்தியப் பேரீச்சை' எனப் பொருள்படும் தொடரிலிருந்து பிறந்தது. புளியமரத்தின் தாயகமோ ஆப்பிரிக்கா!

இனி ஒரு சமோசாவைப் பிரித்துப் பார்ப்போம். பெயர் பாரசீகம் தந்தது. மேலுறையின் கோதுமை மேற்கு ஆசியாவில் முதலில் பயிரானது. உள்ளிருக்கும் கிழங்கும் மிளகாயும் அமெரிக்கக் கண்டங்கள் தந்தவை. தூவிய மிளகு கேரள மலைச்சாரலுக்கு உரியது. புளி ஆப்பிரிக்க மரத்தின் கனி. இவை அனைத்தையும் ஒன்றுசேர்த்துத் தன் சுவையாக்கிக்கொண்டது தில்லி. நம் சாம்பாரும் அப்படியே. அதில் மிதக்கும் மிளகாயும் தக்காளியும் அமெரிக்காவிலிருந்து வந்தவையே. ஆதலால் அடுத்தவர் பாத்திரத்தில் இருப்பதை அயல் உணவென்று எள்ளுபவர், தம் பாத்திரத்தில் இருப்பது எங்கிருந்து வந்தது என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

தெரிந்து தெளிவோம்

மிளகாயின் காரம் உண்மையில் நாவின் சுவை அன்று. அது எரிச்சல் உணர்வு. மிளகாயிலுள்ள 'காப்சைசின்' என்னும் வேதிப்பொருள், சூட்டை உணரும் நரம்புகளைத் தூண்டுகிறது. இப்பொருளைக் கொண்டு அவ்வுணர்வேற்பியைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். காப்சைசின் நீரில் எளிதில் கரையாது. எனவே காரம் மிகுந்தால் தண்ணீரைவிடப் பாலோ தயிரோ விரைவில் எரிச்சலைத் தணிக்கும். பறவைகளுக்கு இக்காரம் உறைப்பதில்லை. அவை பழத்தை உண்டு விதைகளைப் பரப்புகின்றன.

சொல்லும் பொருளும்

யவனர் – கிரேக்கர், உரோமர்
அடைமொழி – பெயருக்கு முன் நின்று சிறப்பிக்கும் சொல்
எள்ளுதல் – இகழ்தல்
தாயகம் – பிறப்பிடம்

மதிப்பீடு

*குறுவினா*
1. 'மிளகாய்' என்னும் பெயர் எவ்வாறு தோன்றியது?
2. இபன் பதூதா குறிப்பிட்ட சமோசாவுக்குள் இருந்த பொருள்கள் யாவை?

*சிறுவினா*
3. மிளகின் பெயர் தமிழிலும் இந்தியிலும் அடைந்த மாற்றங்களை ஒப்பிடுக.
4. புதிய உணவுக்குப் பெயர் சூட்டும் மூன்று முறைகளை எடுத்துக்காட்டுடன் விளக்குக.

*சிந்தனை வினா*
5. 'முழுவதும் ஓர் ஊருக்கே உரிய உணவு' என ஒன்று உண்டா? உம் வீட்டு உணவு ஒன்றைச் சான்றாகக் கொண்டு எழுதுக.

கற்பவை கற்றபின்

வகுப்புத் தோழர்கள் ஐவரிடம் மிளகு, மிளகாய், உருளைக்கிழங்கு ஆகியவற்றுக்கு அவரவர் தாய்மொழியில் வழங்கும் பெயர்களைக் கேட்டு அட்டவணைப்படுத்துக. அப்பெயர்கள் மேற்கூறிய மூன்று முறைகளுள் எவற்றைச் சார்ந்தவை எனக் கலந்துரையாடுக.