உப்பை விடு, ரப்பர் பாலை எடு

அன்புத் தம்பிக்கு,

மாணவர் பக்கத்தில் வந்த உன் அயனிக் கட்டுரையைப் படித்தேன். எலக்ட்ரான் அடுக்கு, எட்டு விதி எல்லாம் நமக்குள் பேச வேண்டியதில்லை. நேரே சண்டைக்கு வருகிறேன்.

'சோடியம் தன் ஒற்றை எலக்ட்ரானைக் கொடுத்துவிடத் துடிக்கிறது' என்று எழுதியிருக்கிறாய். துடிக்கவில்லை தம்பி. ஆவி நிலையில் ஒரு மோல் சோடியத்திடமிருந்து அதைப் பறிக்க 496 கிலோஜூல் செலவு. குளோரின் அணுக்கள் வாங்கிக்கொள்ளும்போது திரும்பக் கிடைப்பது 349. 147 துண்டு விழுகிறது. அப்புறம் உப்பு எப்படி உண்டாகிறது? நேர் அயனியும் எதிர் அயனியும் இழுத்துக்கொண்டு படிகமாக அமையும்போது 787 கிலோஜூல் வெளிப்படுகிறது. கடன் அதில்தான் அடைகிறது. சோடியத்தின் இரண்டாவது எலக்ட்ரானுக்குக் கை வைத்தால் உள்கூட்டை உடைக்க வேண்டும், 4562 கிலோஜூல். படிகம் தருவது அதற்குக் காணாது. சோடியம் ஒன்றோடு நிற்பது இதனால்தான்.

அணுவுக்கு ஆசையை ஏற்றி எழுதினாலே எனக்கு எரிச்சல். அணு எட்டு எலக்ட்ரானுக்கு ஏங்குவதாகப் படித்த பிள்ளையிடம், இரும்பு ஏன் ஓரிடத்தில் இரண்டு எலக்ட்ரானையும் இன்னோரிடத்தில் மூன்றையும் இழக்கிறது என்று கேட்டுப் பார், விழிப்பான். வெளிக்கூட்டில் எட்டும் நிறைந்த செனானையே 1962இல் நீல் பார்ட்லெட் வினைபுரிய வைத்துவிட்டார். ஆற்றல் கணக்கைக் காட்டு. படிவம் நான்கு பிள்ளைக்குக் கூட்டல் கழித்தல் தெரியும்.

இன்னொன்று. பாடாங் செராயில் இருந்துகொண்டு உதாரணத்துக்கு உப்பு மட்டும்தானா? ரப்பர் பால் வெட்டிய நம் அம்மாக்கள் அயனிகளோடுதான் பிழைத்தார்கள். மரத்திலிருந்து வடியும் பாலில் ரப்பர் துகள்கள் எதிர் மின்னூட்டத்தோடு ஒன்றையொன்று தள்ளி மிதக்கின்றன. வெயில் ஏறினால் நுண்ணுயிர்கள் அமிலம் உண்டாக்கும், பால் திரிந்துவிடும். அதைத் தடுக்க என் அம்மா வாளியில் அமோனியா விடுவார். பக்கத்தில் நிற்கும் எனக்குக் கண் எரியும். அமோனியாவில் உள்ள நைட்ரஜனுக்கு வெளிக்கூட்டில் ஐந்து எலக்ட்ரான். மூன்று ஹைட்ரஜனோடு பகிர்ந்தது போக ஓர் இணை சும்மா கிடக்கிறது. அந்த இணைதான் அமிலத்தின் ஹைட்ரஜன் அயனியைப் பிடிக்க, அமோனியா அமோனியம் அயனியாகிறது, பாலும் தப்பிக்கிறது. பாலை உறைய வைக்கும் ஸ்டோருக்கு வந்ததும் வேலை தலைகீழ். தொட்டியில் பாலோடு தண்ணீர் கலந்து ஃபார்மிக் அமிலம் ஊற்றுவார்கள். ஹைட்ரஜன் அயனிகள் துகள்களின் மின்னூட்டத்தை அணைக்க, தள்ளிக்கொண்டிருந்தவை ஒட்டிக்கொள்ளும். மறுநாள் காலையில் தொட்டியிலிருந்து வெள்ளை வெள்ளையாய்த் தட்டுகளைத் தூக்கி மெஷினில் கொடுப்பார்கள். புளித்த வாடை ஸ்டோரைவிட்டுப் போகவே போகாது. இன்று செம்பனை மூடிய இடங்களில் இந்த வாடை தெரியாத பிள்ளைகள் வளர்கிறார்கள். அவர்களுக்கு யார் சொல்வது?

பொட்டாசியம் ஏன் சோடியத்தைவிடச் சீறுகிறது என்று நீ எழுதிய பத்தி மட்டும் அற்புதம். கடைசி எலக்ட்ரான் நான்காம் கூட்டில், கருவின் பிடியிலிருந்து எட்டி நிற்பதையும், உள்கூடுகள் அந்தப் பிடியை மறைப்பதையும் இவ்வளவு தெளிவாகத் தமிழில் நான் படித்ததில்லை. உன்னால் முடியும் என்பதால்தான் இத்தனை கோபம்.

கட்டுரையின் இரண்டாம் பகுதியில் அமோனியாவையும் ஃபார்மிக் அமிலத்தையும் வை. பால்மரம் இன்னும் வெட்டுகிற சிறுதோட்டக்காரர் ஒருவரிடம் ஒரு மங்குப் பால் வாங்கி, உறைவதை உன் கண்ணால் பார்த்துவிட்டு எழுது. அச்சுக்குப் போகுமுன் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
உன் பழைய வாத்தியார்