அத்திவாரம் முதல் தூபி வரை: தீவக ஆலயத் திருப்பணிகள்

குறிகட்டுவான் துறையிலிருந்து நயினாதீவு நோக்கிப் படகிற் செல்லும் அடியார்களுக்குத் தொலைவிலேயே காட்சி தருவது ஸ்ரீ நாகபூஷணி அம்மன் ஆலயத்தின் கிழக்கு இராஜகோபுரமாகும். 2012ஆம் ஆண்டு மகா கும்பாபிஷேகத்துடன் நிறைவு கண்ட இக்கோபுரம் 108 அடி உயரமுடையது. படகில் நின்றபடியே கைகூப்பும் பலர், அதன் சீமெந்தும் கம்பியும் கூட இதே கடலைக் கடந்தே வந்தன என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

வேலணை, புங்குடுதீவு வரை தாம்போதி வழியே லொறி செல்லும். நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு ஆகியவற்றுக்கோ பொருள்களைத் துறையில் இறக்கி, வள்ளத்தில் ஏற்றி, மறுகரையில் மீண்டும் இறக்க வேண்டும். சோளகக் காற்று வீசும் மாதங்களில் நெடுந்தீவுக் கடல் இடங்கொடாது. கைமாறிக் கைமாறி வரும் சீமெந்துப் பைகளிற் சில நனைந்து கட்டிபட்டுவிடும். அதனை உடைத்துச் சலித்துப் பாவிப்பதைச் சிலர் சிக்கனம் என்பர். அது சிக்கனமன்று.

ஆலயத்தைப் புதுக்க எண்ணும்போது முதலிற் பாலஸ்தாபனம் நிகழும். மூலமூர்த்தியின் சாந்நித்தியத்தைப் பாலாலயத்தில் எழுந்தருளச் செய்த பின்னரே பழைய கட்டடத்திற் கைவைக்கலாம். பின்பு நல்ல முகூர்த்தத்திற் சங்குஸ்தாபனம். அதன்மேல் எழும் விமானத்துக்கு அதிட்டானம், பாதம், பிரஸ்தரம், கண்டம், சிகரம், தூபி என ஆறு அங்கங்களைச் சிற்ப நூலோர் வகுத்தனர். மனித உடலில் அடி, உடல், தோள், கழுத்து, தலை, குடுமி என்பவற்றுக்கு இவை ஒப்பாகும். கண்ணுக்குத் தெரியாத அத்திவாரம் இந்த ஆறில் அடங்காது. ஆயினும் ஆறையும் தாங்குவது அதுவே.

தீவகத்திற் பல இடங்களில் சிறிது தோண்டியதும் சுண்ணக்கற் பாறை தட்டுப்படும். பாறை கண்டதும் வேலை முடிந்தது என்று எண்ணலாகாது. சுண்ணக்கல் மழைநீரிற் கரைந்து உள்ளே பொந்து விழும் இயல்புடையது. அனுபவமுள்ள மேசன்மார் அலவாங்கால் இடித்து ஓசை கேட்பர். வெற்றோசை எழும் இடத்தை உடைத்து நிரப்பிய பின்னரே மேற்செல்வர். உயர்ந்த கோபுரமாயின் பொறியியலாளர் ஒருவரைக் கொண்டு நிலத்தைத் துளையிட்டுப் பார்ப்பதே முறை.

அடுத்தது தண்ணீர். தீவகத் திருப்பணிகளின் ஆயுளைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இதுவே எனலாம். தீவுகளின் நன்னீர், நிலத்தின் கீழுள்ள உப்புநீரின்மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால் கீழே ஏறக்குறைய 40 அடி நன்னீர் இருக்கும் என்பது நிலநீர்க் கணக்கு. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழுள்ள உவர் மேலெழும். காலையில் நன்னீராயிருந்த கிணறு மாலையில் உவர்க்கும். மாலையில் அந்த நீரிற் குழைத்த கொங்கிறீற்றும் பார்வைக்குக் காலையிற் குழைத்ததைப் போலவே இருக்கும்.

வேறுபாடு ஆண்டுகள் கழித்தே தெரியவரும். உப்பு கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கிறது. துரு, தான் தின்ற இரும்பிலும் இரண்டு மடங்குக்கு மேல் இடம் பிடிக்கும். அவ்வாறு பருத்து உள்ளிருந்து நெருக்க, தளத்தின் அடிப்புறம் வெடித்துக் கழன்று விழுகிறது. கழுவாத கடற்கரை மணலும் இதே கேட்டைத் தரும். ஆகவே குழைப்பதற்கும் நனைப்பதற்கும் நல்ல நீர் வேண்டும். கிணறு போதாவிடின் பவுசரில் எடுப்பிக்க வேண்டும். கம்பியின்மேல் இரண்டங்குலக் கனத்துக்காவது கொங்கிறீற்று மூட வேண்டும். வார்த்த தளத்தை ஏழு நாளாவது ஈரங்காயாமல் வைத்திருத்தல் வேண்டும். அதன் முழுப் பலத்தை 28 நாளில் அளப்பர்.

நெடுந்தீவில் ஐரோப்பியர் காலக் கோட்டையின் முருகைக்கற் சுவர்கள் இடிந்தும் இன்றும் நிற்கின்றன. சாந்தே இல்லாமல் அடுக்கிய முருகைக்கல் வேலிகளும் அங்கு உண்டு. அவற்றில் இரும்பு இல்லை, ஆதலால் துருவுக்கு இடமில்லை. அன்றைய முறைக்கே திரும்பலாமே என்று கேட்போரும் உளர். கரையோரத்தில் முருகைக்கல் அகழ்வதை 1988ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் தடைசெய்துள்ளது. அது நல்லதே. அலையைத் தடுத்துத் தீவுகளைக் காப்பது அந்த முருகைக்கல்லே. கருங்கல்லாற் கட்ட வசதியுள்ள ஆலயங்கள் கருங்கல்லாற் கட்டலாம். ஏனையோர் சீமெந்தை நம்பியே கட்டவேண்டியுள்ளது.

1990களின் இடப்பெயர்வுகளின் பின் கவனிப்பாரின்றிக் கிடந்த தீவக ஆலயங்கள் பல, கனடாவிலும் சுவிசிலும் பிரான்சிலும் வாழும் ஊர்மக்களின் உதவியால் மீண்டும் எழுந்தன. அது பெருந்தொண்டு. எனினும் மண்டபத் தூணுக்கும் மணிக்கும் உபயகாரர் முன்வருவர், பவுசர்த் தண்ணீருக்கு முன்வருவார் அரிது. தண்ணீருக்கும் மணல் கழுவுவதற்கும் உபயம் ஏற்று, அந்தப் பெயர்களையும் கல்வெட்டிற் பொறித்தால் என்ன? திருப்பணிக் கணக்கிலும் இவை ‘சில்லறைச் செலவு’ என்ற தலைப்பில் மறையாமல், தனித்தலைப்பில் வருதல் நன்று.

வெளிநாட்டில் உள்ளோரின் விடுமுறைக்கு ஏற்பக் கும்பாபிஷேக நாளை முதலில் வைத்துவிட்டு வேலையை அதற்குள் அடக்க முயல்வதும் உண்டு. அப்போது முதலில் வெட்டுப்படுவது காயவிடும் காலம். ஈரப்பூச்சின்மேல் வர்ணம் நிலைக்காது. சுதைச் சிற்பங்கள் நன்கு உலர, பூச்சு முடிந்து நான்கு வாரமாவது விடவேண்டும். வர்ணத்தின் பின் சிற்பாசாரியார் கண்திறக்க, தூபியிற் கலசம் ஏறும். கொம்பரக்கு, குங்குலியம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் முதலிய எட்டும் சேர்த்து இடித்த அட்டபந்தனம் மூர்த்தியையும் பீடத்தையும் பிணைக்கும். இவற்றுள் எதற்கும் அவசரம் ஆகாது.

அடுத்த கும்பாபிஷேகம் வழக்கப்படி 12 ஆண்டில் வரும். அதுவரை ஆண்டுதோறும் மாரிக்கு முன் தளத்திலேறிப் பீலியை அடைத்த ஆலஞ்சருகையும் புறா எச்சத்தையும் அகற்றி, கோபுரத்தில் முளைத்த அரசங்கன்றை வேரோடு பிடுங்கி, தளத்தின் அடியிற் பழுப்புக் கோடு தெரிகிறதா என்று பார்ப்பது இருவர் ஒரு காலைப்பொழுதிற் செய்யக்கூடிய வேலை.