தேன்பெட்டியும் பலாச் சக்கையும்

கேள்வி: வீட்டுத் தோட்டத்தில் தேனீப் பெட்டி இருக்கிறது. பலாச் சக்கை, சமையல் கழிவு மட்க வைக்கும் குழியைப் பக்கத்திலேயே வெட்டலாமா?
– வாசகர், திண்ணனூர் நாடு, கொல்லிமலை

பதில்: தள்ளியே வெட்டுங்கள். புளித்த சக்கைக்கு எறும்பு படையெடுக்கும். தொல்லை தாங்காவிட்டால் தேனீக்கள் பெட்டியை விட்டே பறந்துவிடும். பெட்டித் தாங்கியின் கால்களை நீர்க் கிண்ணங்களில் நிறுத்துங்கள். சக்கையை நறுக்கிப் போட்டு, ஒவ்வொரு முறையும் காய்ந்த சருகால் மூடினால் நாற்றமும் ஈயும் குறையும். சருகுக்கு உங்கள் மலையில் பஞ்சமா என்ன! தேனீக்களைக் காக்க இன்னொன்று: கோடை மழைக்குப் பின் காப்பி பூத்திருக்கும்போது பூச்சிமருந்து வேண்டாம்.

இந்தியத் தேனீயானால் புழுக்களையும் கவனியுங்கள். 1990களின் தொடக்கத்தில் ‘தாய் சாக்புரூட்’ வைரஸ் தென்னிந்தியாவில் ஏராளமான கூட்டங்களை அழித்தது. பைபோல வீங்கிச் செத்த புழு தென்பட்டால், அந்த அடையை வேறு பெட்டிக்கு மாற்றவே கூடாது.